மூத்தவன் வேல்சாமி

உலகம்மாள் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவதற்கு முன் பலகையைப் படிப்பாள். பத்தொன்பது வருடத்தில் மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. படித்த பின் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்பாள், ஏறிய பின் கண்டக்டரிடம் கேட்பாள், உட்கார்ந்த பின் அடுத்த சீட்டுக்காரியிடமும் கேட்பாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அதுவும் அவளுக்குச் சந்தேகம்தான். பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலை போடும் தேங்காயைக்கூட காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் எடுப்பாள். உடைக்கத்தானே போகிறீர்கள் என்று கடைக்காரன் சலித்துக்கொண்டால், சாமிக்குத்தானே என்று அழுகலைத் தள்ளிவிடப் பார்க்கிறாயா என்று திருப்பிக் கேட்பாள்.

ஆலங்குளத்துப் பக்கத்துக்காரி. வயது நாற்பத்தாறு, புருஷனை விட்டு வந்தவள். பழவங்காடியில் ஒரு தமிழ் ஓட்டலின் பின்கட்டில் காய்கறி நறுக்குகிற வேலை. காலையில் சாம்பாருக்கு, மதியம் அவியலுக்கு என்று அவள் கத்தி ஓயாது. ஓட்டலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறு வீட்டு லைன். அதில் கடைசி வீட்டில் தம்பி பிரவின்ராஜோடும் அவன் மனைவி ஷிஜாவோடும் இருந்தாள். தம்பிக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. ஷிஜா மார்த்தாண்டத்துப் பெண், சாலைத் தெரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றவள். இருவரும் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். அன்றோடு ஷிஜாவின் வீட்டில் கதவைச் சாத்தியவர்கள் இன்னும் திறக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனதால், அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து தாய், மாமியார், நாத்தனார் எல்லாமே உலகம்மாள்தான்.

மூன்றாம் மாதம். வாந்தி நிற்கவில்லை. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை வாசலில் ஒரு குடை மடங்கியது. பிஜி நின்றாள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணக்கெடுக்கிற ஆஷா சேச்சி, அந்த வார்டுக்கு அவள்தான். தோளில் பை, கையில் தடித்த நோட்டு. விசேஷம் உண்டாமே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே உலகம்மாளுக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கே தெரியாத சங்கதி இவளுக்கு எப்படித் தெரிந்தது? மெடிக்கல் ஷாப்காரன் சொன்னானா, அல்லது இந்தப் பெண்பிள்ளை குழாயடியில் ஓங்கரித்ததை யாராவது பார்த்தார்களா?

பிஜி பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள், கடைசியாகத் தீட்டு வந்த தேதியைக் கேட்டாள். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது முதல் பிரசவம்தானே என்றாள்.

உலகம்மாள் ஷிஜாவின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "இல்ல சேச்சி. இது ரெண்டாவது."

ஷிஜா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

ஏன் இந்தப் பொய் என்று கேட்டால் உலகம்மாள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். தலைச்சன் பிள்ளை என்றால் என்னவென்று தெரியாமலா வளர்ந்தீர்கள்? அவள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் பிள்ளைக்கு ஆள் தேடி அலைகிறவர்கள் உண்டு. தலைச்சன் பிள்ளையை வைத்து மை செய்வார்கள். அந்த மையைத் தொட்டால் புதையல் தெரியும், வசியம் பலிக்கும், இன்னும் என்னென்னவோ. அதனால் தலைச்சன் சூலி வெளியூர் போனால் அது தலைச்சன் என்று சொல்லமாட்டாள். மாந்திரீகம் என்றாலே மலையாளத்தான் என்பது அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் மனப்பாடம். பத்தொன்பது வருடம் மலையாளத்தார் நடுவில் இருந்து, ஒரு மந்திரவாதியை உலகம்மாள் கண்ணால் கண்டதில்லை. கண்டதெல்லாம் ஓட்டல்காரர்களையும் கண்டக்டர்களையும் லாட்டரிச் சீட்டு விற்கிறவர்களையும்தான். அதனால் என்ன? ஒளிந்து செய்கிறவன் கண்ணில் படுவானா?

பிஜி நோட்டில் எழுதிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனாள். மூத்தது ஆணா பெண்ணா?

"ஆம்பளப் பிள்ள."

பேர்?

உலகம்மாள் ஒரு நொடிதான் தயங்கினாள். "வேல்சாமி."

இரண்டரை வயது, சுகப்பிரசவம், இப்போது மார்த்தாண்டத்தில் அம்மாச்சி வீட்டில் வளர்கிறான். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. பிஜி எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு அட்டையைக் கொடுத்து, அதன் பின்புறத்தில் தன் செல் நம்பரை எழுதி, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்த நேரமும் என்றால் ஏன் எந்த நேரமும் என்று உலகம்மாள் அன்று முழுவதும் யோசித்தாள்.

சாயங்காலம் ஷிஜா முணுமுணுத்தாள். அவள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். மை, வசியம் எல்லாம் அவளுக்குப் பாதி பயம், பாதி வேடிக்கை. ஆனால் இந்த மைனியை விட்டால் தனக்கு ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். பிரவின்ராஜ் அக்காவிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். பொய்தானே, போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது வளரத் தொடங்கிவிடுகிறது. அடுத்த மாதம் பிஜி வந்தபோது, வேல்சாமிக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டாயிற்று. அட்டை? அது ஊரில். எடை எவ்வளவு? நல்ல புஷ்டி. பேசுகிறானா? பேச்சா, வாயை மூடினால்தானே! வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், ரசம் சோறு என்றால் உயிர், அப்பளத்தைக் கையில் கொடுத்தால் பாதி தின்று பாதியை ஒளித்துவைப்பான். இதைச் சொல்லும்போது உலகம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை ஷிஜா பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு ஆசையாகச் சொல்வார்களா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் உலகம்மாள் கூடவே போனாள். பெரிய பிரசவ ஆஸ்பத்திரி, எங்கே பார்த்தாலும் வயிறுகள். ரத்தம் எடுக்கிற இடத்தில் மூன்று குப்பி எடுத்தார்கள். இவ்வளவு எதற்கு என்று கேட்டாள். பரிசோதனைக்கு என்றாள் அங்கிருந்த பெண். மிச்சத்தை என்ன செய்வீர்கள்? கொட்டிவிடுவோம். எங்கே கொட்டுவீர்கள்? அந்தப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. அம்மச்சி, தள்ளி நில்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். எங்கே கொட்டுவீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதது உலகம்மாளின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. வீட்டில் ஷிஜாவின் சீப்பில் சிக்கிய முடியை அவளே எடுத்து எரித்தாள். நகம் வெட்டினால் பொறுக்கினாள். இரும்புச்சத்து மாத்திரையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடியை யார் கையில் கேட்டு வாங்குவது என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டு முத்தாரம்மாளும் தென்காசிப் பக்கத்துக்காரி. இந்த விஷயத்தில் அவள் உலகம்மாளுக்கு ஒரு படி மேல். ஆஷாக்காரி ஏன் இவ்வளவு துருவுகிறாள், கவனமாக இரு என்று அவள் தினமும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாதத்தில் பிஜி, பிள்ளையைக் காட்டு என்று நேராகவே கேட்டுவிட்டாள். "அக்கா, எனக்கு அந்தக் கொச்சினெ ஒரு தடவ காணணும். வீடியோ கால் செய்யு. இல்லெங்கில் போட்டோ எங்கிலும் காட்டு."

உலகம்மாள் நாளை காட்டுகிறேன் என்றாள். முத்தாரம்மாளிடம் போய் யோசனை கேட்டாள். அவள் தன் மகள் வயிற்றுப் பேரனின் படத்தைத் தன் செல்லிலிருந்து அனுப்பிவைத்தாள். இரண்டு வயதுப் பையன், கொழுகொழுவென்று, காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத கோணம். மறுநாள் உலகம்மாள் செல்லை நீட்டினாள். பிஜி வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பையன் போன திருவிழாவுக்கு இந்த லைனுக்கு வந்திருந்தபோது, அவன் வாயைப் பிளந்து போலியோ சொட்டு விட்டவளே பிஜிதான். அவள் விரலை அவன் கடித்துக்கூட வைத்திருந்தான்.

அன்றிலிருந்து பிஜியின் சிரிப்பு நின்றுவிட்டது. பொய் சொன்னார்கள் என்று கோபித்துக்கொண்டு போகிற ரகம் இல்லை அவள். ஒரு பிள்ளை இருக்கிறது என்கிறார்கள், அட்டை இல்லை, போட்டோ இல்லை, காட்டியது வேறு யார் பிள்ளையோ. அப்படியானால் அந்தப் பிள்ளை எங்கே? செத்துப்போயிற்றா? யாருக்காவது கொடுத்துவிட்டார்களா? வயிற்றில் இருப்பதற்கும் அதே கதிதானா? மாதம் ஒரு முறை வந்தவள் மூன்று நாளுக்கு ஒரு முறை வந்தாள். ஷிஜாவைத் தனியே பிடித்துப் பேசப் பார்த்தாள். உலகம்மாளோ, தலைச்சன் என்று இவள் மோப்பம் பிடித்துவிட்டாள், அதுதான் விடாமல் சுற்றுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். ஒருத்தி பிள்ளையைக் காப்பாற்ற வருகிறாள், ஒருத்தி பிள்ளையைக் காப்பாற்ற விரட்டுகிறாள். நடுவில் ஷிஜாவின் கால் வீங்கத் தொடங்கியது.

முதலில் பாதம். பிறகு கெண்டைக்கால். மெட்டி கழற்ற வராமல் சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது எங்கும் உள்ளதுதான் என்றாள் முத்தாரம்மாள். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள். கொஞ்சம் கூடுதல் என்றார் டாக்டர். முதல் பிரசவத்தில் இப்படி இருந்ததா என்று கேட்டார். இல்லவே இல்லை, மகராசியாகப் பெற்றாள் என்று உலகம்மாள் பதில் சொன்னாள். டாக்டர் மாத்திரை எழுதினார். மூன்றாம் நாள் கட்டாயம் வரவேண்டும், தலை வலித்தாலோ கண் மங்கினாலோ உடனே வரவேண்டும் என்று அழுத்திச் சொன்னார். உலகம்மாள் மாத்திரையை மெடிக்கல் ஷாப்காரனிடம் காட்டி விசாரித்தாள். பிரஷர் மாத்திரை என்றான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பிரஷர் மாத்திரையா? பிரஷர் கிழடுகளுக்கு வருவதல்லவா? அவள் ஓட்டல் முதலாளிக்கு வந்திருக்கிறது, அறுபத்தெட்டு வயது. மாத்திரை அரிசி டின்னுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பிஜி வந்து வாசலிலேயே நின்று சொன்னாள். மூத்த பிள்ளை எங்கே என்று இரண்டு நாளில் தெரியாவிட்டால் மேலே எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும், குழந்தைகளுக்கென்று ஆபீஸ் இருக்கிறது, அவர்கள் வந்து விசாரிப்பார்கள்.

அவ்வளவுதான். உலகம்மாளுக்கு இனி இந்த ஊர் ஆகாது. ஆலங்குளத்துக்குக் கொண்டுபோய்விடுவோம், அங்கே சித்தி மகள் இருக்கிறாள், அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்துவிட்டாள். பிரவின்ராஜ் கல்லாறில் ஏதோ ரிசார்ட்டுக்கு டைல்ஸ் பதிக்கப் போய் ஒரு வாரமாயிற்று. போன் செய்தால் பாதி கேட்கும், பாதி கேட்காது. கேட்ட பாதியில் அவன், நாளைக்கு டாக்டர் வரச் சொன்ன நாளாயிற்றே எக்கா என்றான். அந்தப் பாதி கேட்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறி, அங்கிருந்து ஊருக்கு மாறவேண்டும். போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்று நின்றாள். தேங்காயை வாங்கி, வழக்கம்போல் காதருகே ஆட்டிக்கொண்டிருந்தாள். ஷிஜா கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் உப்பியிருந்தது. காலையிலிருந்தே தலை பிளக்கிற மாதிரி வலி என்றாள். வெயில் ஏறவில்லையே, பசியாக இருக்கும் என்றாள் உலகம்மாள். ஷிஜா கையை முகத்துக்கு முன்னால் வீசி வீசி எதையோ விரட்டினாள்.

"என்னட்டி விரட்டுத?"

"மைனி, கண்ணு முன்ன ஈசல் பறக்குவ மாதிரி கெடக்கு."

உலகம்மாளின் கையில் தேங்காய் அப்படியே நின்றது.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், எட்டாம் மாதம், பீடி சுற்றிக்கொண்டிருந்த முற்றத்தில் அவள் இதே மாதிரி கையை வீசியிருக்கிறாள். இதே சொல்லைச் சொல்லியிருக்கிறாள். மழையே இல்லாமல் ஈசல் பறக்கிறதே என்று சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கால் வீங்கியிருந்தது, தலை வலித்தது, யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. அன்று மதியம் பல் கிட்டி, கை கால் வெட்டி இழுத்தது. ஜன்னி என்றார்கள், காற்று அடித்தது என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். கண் விழித்தபோது இரண்டு நாள் போயிருந்தது. பிள்ளை பிறக்கும்போதே செத்திருந்தது, புதைத்தும் ஆயிற்று. ஆண் பிள்ளை. மூன்றாம் நாள் குழிமேல் மண் கிளறிக் கிடந்ததாக யாரோ வந்து சொன்னார்கள். நாயாக இருக்கலாம். ஆனால் ஊர் அப்படிச் சொல்லவில்லை. தலைச்சன் சூலி என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயே, யார் காதில் விழுந்ததோ, மலையாளத்தான் எவனோ மைக்காக முடித்துவிட்டான் என்றது. மாமியார் சொன்னாள், புருஷன் சொன்னான், பிறகு அவளே தனக்குச் சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டாள். தன் வாயால்தான் தன் பிள்ளை போயிற்று. அன்றிலிருந்துதான் அவள் யாரையும் நம்புவதில்லை, தன்னையும் சேர்த்து.

சந்தேகப்படவும் கொஞ்சம் நேரம் வேண்டும். அது இப்போது இல்லை. உலகம்மாள் பையைக் கொட்டி அட்டையைத் தேடி எடுத்தாள். பின்புறம் இருந்த நம்பரை ஒவ்வொன்றாகத் தட்டினாள். உலகத்தில் யாரை அவள் மிக அதிகமாகச் சந்தேகப்பட்டாளோ அவளையே கூப்பிட்டு, பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் இருக்கிறோம், ஷிஜாவுக்கு முடியவில்லை, ஓடி வா சேச்சி என்று அழுதாள்.

பத்து நிமிடத்தில் ஆட்டோ வந்து நின்றது. பிஜி வீட்டு நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பையையும் கொட்டிக் கிடந்த துணிமணிகளையும் பார்த்தாள். எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்கவில்லை. ஷிஜாவைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தாள். தேங்காய் பைக்குள் உருண்டுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிரஷரைப் பார்த்த நர்ஸ் மறுபடி ஒரு முறை பார்த்தாள். நூற்றெழுபதுக்கு மேல். உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் அட்டையைப் புரட்டினார். இரண்டாவது பிரசவம், முதலாவது சுகப்பிரசவம், அப்போது ஒரு தொந்தரவும் இல்லை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார். இதெல்லாம் சரிதானே, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாளா, இப்போது எடுக்கிற முடிவுக்கு எல்லாம் உண்மையாகத் தெரியவேண்டும் என்றார்.

பிஜி பக்கத்தில் நிற்கிறாள். வரிசையாகக் கட்டில்கள். எல்லாம் அன்னிய முகங்கள். இருபத்து மூன்று வருடம் பூட்டி வைத்திருந்த வாய்.

"மாத்திர குடுக்கல டாக்டரம்மா. நாந்தான் குடுக்கல." உலகம்மாள் உள்ளே கையைக் காட்டினாள். "இது தலைச்சன். மூத்த பிள்ளைன்னு ஒண்ணும் கெடையாது."

டாக்டர் அட்டையில் எழுதிக்கொண்டே நர்ஸிடம் ஏதோ சொன்னார். ஊசி வந்தது. பிஜி துணிப்பையைத் தரையில் வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப வேல்சாமி?"

"அவன் எம்பிள்ள. எட்டாம் மாசம், இதே மாதிரிதான். கால் வீங்கி, ஈசல் பறந்து, இழுத்துப் போச்சு. மண்ணுல வச்சு இருபத்து மூணு வருசமாச்சு. அவனுக்குன்னு நெனச்சு வச்சிருந்த பேரு."

டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் தமிழைப் புரிந்துகொள்கிறவர், பேசுவது கொஞ்சம். அப்போது யாராவது பிரஷர் பார்த்தார்களா என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. இது ஒரு நோய், தலைப்பிரசவத்தில்தான் அதிகம் வரும், அதனால்தான் முதலாவதா என்று எல்லோரும் கேட்கிறோம் என்று அவர் நிதானமாகச் சொன்னார். இழுப்பு வராமல் தடுக்கத்தான் இந்த ஊசி. பிரஷருக்கு மருந்து கொடுத்துவிட்டு, பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டும், காத்திருக்க முடியாது.

உலகம்மாள் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊசி அப்பவும் இருந்துதா?"

டாக்டர் அட்டையை மூடினார். "இருந்தது அம்மா" என்றார்.

மை இல்லை. மலையாளத்தான் இல்லை. அவள் வாயும் இல்லை. ஒரு பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உலகம்மாள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், பிள்ளை செத்த அன்று மயங்கிக் கிடந்ததால் அழாமல் விட்ட அழுகையை அழுதாள். பிஜி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆற்றாமையாகத்தான் இருந்தது.

"அஞ்சு மாசம் நான் அந்தக் கொச்சினெத் தேடினேன் அக்கா. மார்த்தாண்டத்து நர்ஸம்மாவுக்கு எத்தர தடவ போன் செய்தேன் தெரியுமா? காதுக்குப் பின்னே மச்சம் உள்ள பிள்ள உண்டோன்னு வீடு வீடா கேட்கச் சொன்னேன்."

உலகம்மாள் அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். வேல்சாமியை ஒருத்தி தேடியிருக்கிறாள். ஐந்து மாதம், இரண்டு மாநிலத்தில், மச்சம் வரைக்கும் சொல்லி. பெற்ற தகப்பன்கூட அந்தக் குழிப்பக்கம் மறுபடி போனதில்லை.

மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. பெண் பிள்ளை, ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள். ஷிஜாவுக்கு இரண்டு நாள் பிரஷர் ஏறி இறங்கி, மூன்றாம் நாள் கஞ்சி கேட்டாள். கல்லாறிலிருந்து ஓடிவந்த பிரவின்ராஜ் அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது அவளுக்கு நன்றாகவே உறைத்தது. அரிசி டின்னிலிருந்த மாத்திரைகளை அவளே எடுத்துக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்து, திட்டு என்றாள். அவனுக்குத் திட்ட வரவில்லை. சந்தேகம் மட்டும் அவளை விட்டுப் போய்விடவில்லை. கண்ணாடிப் பெட்டிப் பிள்ளையின் காலில் கட்டிய சீட்டையும் ஷிஜாவின் கையில் கட்டிய சீட்டையும் தினமும் இரண்டு வேளை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிரஷர் பார்க்கிறவர்கள் வந்தால், எவ்வளவு என்று கேட்டு, பட்டையைச் சரியாகச் சுற்றினாயா என்றும் கேட்டாள். நர்ஸுகள் அவளைக் கண்டால் தாமாகவே எண்ணைச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் நாள் பிஜி நோட்டோடு வந்தாள். எழுதியதைத் திருத்தவேண்டும், இல்லாத பிள்ளை பேர் இருந்தால் மேலே கேள்வி வரும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை விரித்தாள். ஷிஜாவின் பெயருக்கு நேரே, மூத்த குழந்தை என்ற இடத்தில், மலையாள எழுத்தில் வேல்சாமி, ஆண், இரண்டரை வயது. உலகம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவன் பெயரை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிறப்பிலும் எழுதவில்லை, இறப்பிலும் எழுதவில்லை, எந்த ஆபீசிலும் எந்தத் தாளிலும் அவன் வந்து போனதாக ஒரு எழுத்து கிடையாது.

"அடிச்சுத்தான் ஆகணுமா சேச்சி?"

அடித்துத்தான் ஆகவேண்டும் என்றாள் பிஜி. பேனாவை எடுத்தவள் சற்று யோசித்தாள். நோட்டில் எதையும் கிறுக்கி அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு ஓரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், அடியில் என்ன எழுதியிருந்தது என்று வாசிக்கக் கிடைக்கவேண்டும், அதுதான் சட்டம் என்றாள். பிறகு ஸ்கேலை வைத்து, மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

உலகம்மாள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, விரலை வைத்து, எழுத்து எழுத்தாக வாசிக்க வருகிறதா என்று பார்த்தாள். ஒரு முறை பார்த்தது போதவில்லை. அந்தப் பக்கமாகப் போன நர்ஸை நிறுத்தி, இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் வாசி தாயி என்றாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "வேல்சாமி" என்றாள்.